பொன்னாத்தா விளையாட்டு

சேலத்துக்குக் கிழக்கே, அம்மாபேட்டையின் தறிச்சத்தம் ஓய்ந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் அந்த நூல் மில் இருந்தது. பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிற மில்லில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று சர்க்கார் சொல்லவே, முதலாளியும் ஒன்று கட்டிக் கொடுத்தார். ஓட்டுக் கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர், உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். பிள்ளைக் கொட்டகை என்பார்கள். அந்தக் கொட்டகைக்கு ஒரு பேர் உண்டு. அங்கே பிள்ளைகள் அழாது.

மில்லைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மானேஜர் கடைசியாக அங்கேதான் அழைத்துவருவார். பக்கத்தில் நூற்பு இயந்திரங்கள் காது கிழியக் கத்திக்கொண்டிருக்கும். இங்கே கைக்குழந்தையிலிருந்து அஞ்சு வயசுப் பிள்ளைவரை கண்ணயர்ந்து கிடக்கும். விழித்திருக்கிற ஒன்றிரண்டும் சுவரில் சாய்ந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாரும் பொன்னாத்தாளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்கள்.

பொன்னாத்தாள் கொட்டகை ஆயா. நூல் சுற்றும் ரீலிங் பகுதி மேஸ்திரி குமாரசாமிக்குக் கூடப்பிறந்தவள். பருத்த உடம்பு, வெளுத்த சேலை, மூக்கில் எந்நேரமும் பொடி, இடுப்பில் ஒரு சுருக்குப்பை. யாரிடமும் குரலை உயர்த்தமாட்டாள். "சாமி, சாமி" என்றுதான் எந்தப் பிள்ளையையும் கூப்பிடுவாள். அவள் கைராசியைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள் மில்லுக்கு வரும் பெண்கள். ஆராயியும் ஒரு காலத்தில் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டவள்தான்.

ஆராயிக்கும் அவள் புருஷன் சின்னானுக்கும் ஊர் மோகனூர்ப் பக்கம். ஆற்றோரத்தில் பிறந்தும் காணி நிலமில்லை. அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள், மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேலம் வந்தார்கள். சின்னானுக்குப் பஞ்சு கலக்கும் கிடங்கில் வேலை. ஆராயி ரீலிங்கில் நூலைச் சிட்டமாகச் சுற்றினாள். மில் ஆட்கள் குடியிருக்கும் லைனில் ஓர் ஊடு கிடைத்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் செல்லி கொட்டகைக்குப் போனாள்.

செல்லிக்கு அப்போது ரெண்டு வயசு தாண்டியிருந்தது. வாய் ஓயாத பிள்ளை. கோழியோடு பேசுவாள், உலக்கையோடு பேசுவாள், தூங்குகிற அப்பன் மூக்கைப் பிடித்து இழுத்து அதோடும் பேசுவாள். கொட்டகைக்குப் போன புதிதில் அவள் போட்ட சத்தம் ரீலிங் வரைக்கும் கேட்டது. பிறகு ஒருநாள் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்கவே இல்லை. பிள்ளைக்குப் பழகிவிட்டது என்று ஆராயிக்கு நிம்மதி. சாயங்காலம் வந்தால் செல்லி மடியில் துவண்டு கிடப்பாள், பாதிச் சோற்றில் தூங்கிவிடுவாள். பகலெல்லாம் ஆடின களைப்பு என்று ஆராயி நினைத்துக்கொண்டாள்.

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய மறுவருஷம் ஆடி மாதத்தில், சங்கு ஊதி எல்லாரும் பிள்ளைகளை எடுக்கப் போனபோது, செல்லியின் தூளி மட்டும் அசையாமல் தொங்கியது.

மாந்தம் கண்டு போய்விட்டது என்றார் வைத்தியர். பொன்னாத்தாள் தரையில் விழுந்து புரண்டு அழுதாள். பெற்றவளைவிட அவள்தான் அதிகம் அழுதாள் என்று லைன் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். ஏரிக்கரையில் குழி தோண்டிப் புதைக்கும்போது பூ வாங்கிவந்து போட்டவளும் அவள்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராயி துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊட்டுப் பழனியம்மாளின் மகள் பாப்பாயி, நாலு வயசுக்காரி, வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு சோளக்கட்டைக்குத் துணி சுற்றிப் படுக்கவைத்திருந்தாள். ஈரமண்ணைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். சின்ன உருண்டை, மிளகு அளவு. அப்புறம் இடுப்பிலிருந்து எதையோ எடுப்பதுபோலப் பாவனை செய்து, உருண்டையை அதில் தொட்டு, சோளக்கட்டையின் வாயில் வைத்தாள்.

"வாயத் தொறங்க சாமி. முழுங்குங்க. அவ்வளவுதான், அவ்வளவுதான்."

முந்தானை நுனியால் வாயைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். முகத்தில் துணியை இழுத்து மூடினாள். அந்தக் குரல், அந்தத் துடைப்பு, தலையைச் சாய்த்த சாய்ப்பு எல்லாம் பொன்னாத்தாளை உரித்து வைத்திருந்தது. ஆராயி கையில் பிழிந்த சேலையோடு அப்படியே நின்றாள்.

"என்ன வெளையாட்டு கண்ணு இது?"

"பொன்னாத்தா வெளையாட்டுங்க."

"என்னமோ குடுத்தியே, அது என்ன?"

"அழாத மருந்துங்க. இத்துனூண்டு. கசக்குமுங்க. தேனு தொட்டுத் தருவாங்க."

ஆராயி பக்கத்தில் போய்க் குந்தினாள். "இந்தப் பாப்பா யாரு?"

பாப்பாயி துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். "இது செல்லிங்க. செல்லி நெம்ப அழுதா. அதனால இன்னொண்ணும் குடுத்தாங்க. அப்பறம் செல்லி எந்திரிக்கவே இல்லீங்க."

சொல்லிவிட்டு அவள் அடுத்த சோளக்கட்டையை எடுக்கப் போய்விட்டாள்.

ஆராயி ஊட்டுக்குள் போய்க் கொடுவாளை எடுத்தாள். சின்னான் வாசற்படியிலேயே மறித்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் கறுத்துத்தான் போயிற்று. ஆனாலும் வழி விடவில்லை.

"கொழந்தை மண்ணுல வெளையாடுனதைச் சொன்னா எவன் நம்புவான்? அவ மேஸ்திரிக்கு அக்கா. நீ அவளை வெட்டுனா உன்னைத் தூக்குல போடுவாங்க. ஊரு அவளைச் சாமியாக்கிக் கும்புடும். விட்ரு ஆராயி. போனது வராது."

"போனது வராதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "இருக்கறவ இருக்காளே, அதுதான் எனக்குப் பொறுக்கலை."

ஆனால் அவன் சொன்னதில் ஒன்று அவளுக்குள் தங்கிவிட்டது. ஒரே வெட்டில் முடிந்தால் பொன்னாத்தாளுக்கு என்ன தெரியப்போகிறது? அவள் பேர் சாகவேண்டும். அவளைக் கும்பிடுகிற ஒவ்வொரு தாயும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாகவேண்டும். கொடுவாளைக் கூரை எறவாணத்தில் செருகினாள். மறுநாள் ரீலிங் வேலையை விட்டுவிட்டுக் கொட்டகையில் பெருக்கித் துடைக்கிற வேலை கேட்டுப் பொன்னாத்தாளின் முன்னால் போய் நின்றாள்.

"வா சாமி" என்று பொன்னாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு கொழந்தைங்க மொகத்தப் பாத்தாத்தான் உன்ற மனசு ஆறும். நான் தம்பிகிட்டச் சொல்றேன்."

அந்தக் கையை உதறாமல் நிற்பதற்கு ஆராயி பட்டபாடு கொஞ்சமல்ல.

ரெண்டே நாளில் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வேலைச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் கழித்துப் பொன்னாத்தாள் சுருக்குப்பையிலிருந்து ஒரு செம்புச் சிமிழை எடுப்பாள். கறுப்பாக, பிசினாக இருக்கும் அபினை மிளகு மிளகாகக் கிள்ளித் தேனில் தொட்டு ஒவ்வொரு வாயிலும் வைப்பாள். பசிக்கு அழுகிற பிள்ளைக்கும் அதுதான், பல் முளைக்கிற பிள்ளைக்கும் அதுதான். மத்தியானம் சாப்பிட்டுக் கட்டையைச் சாய்க்கும்போது மட்டும் பையை அவிழ்த்து ஆணியில் மாட்டுவாள்.

ஆராயி கருப்பட்டியைப் புளியோடு காய்ச்சி, வேப்பங்கொழுந்தை அரைத்துக் கலந்து, அதேபோலக் கறுப்பாகப் பிசைந்து கொண்டுவந்தாள். பொடி போட்டுப் போட்டு மூக்குச் செத்தவள் பொன்னாத்தாள். வாசனை தெரியாது. ஒரு மத்தியானம் அவள் குறட்டை விடும் நேரத்தில் சிமிழில் இருந்ததை வழித்தெடுத்துவிட்டு இதை அப்பி வைத்தாள். எடுத்த அபினை எறியவில்லை. தன் ஊட்டுப் புளிப்பானைக்கு அடியில் புதைத்து வைத்தாள். ஒருநாள் வேண்டியிருக்கும்.

முதல் வாரம் பெரும்பாடாகிவிட்டது. மருந்துக்குப் பழகிய உடம்புகள். பிள்ளைகள் கத்தின, கையைக் காலை உதறின, அவற்றுக்கு வயிறு கழிந்தது. பொன்னாத்தாள் உருண்டையைப் பெரிதாக்கினாள், ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். கருப்பட்டி தின்ற பிள்ளைகள் இன்னும் தெம்பாகக் கத்தின. தனக்கு விற்கிறவன் கலப்படம் செய்கிறான் என்று அவனைத் திட்டிவிட்டுப் புதிதாக வாங்கிவந்தாள். அதுவும் மறு மத்தியானமே புளிப்பானைக்கு அடியில் போயிற்று.

பிள்ளைகளை இப்படியே கத்தவிட்டால் மருந்தை மாற்றிய குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது ஆராயிக்குத் தெரியும். அதற்காகத்தான் அவள் விளையாடத் தொடங்கினாள். வேறெந்த ஆசையும் அவளுக்கு அப்போது இல்லை. கழிவுக் கிடங்கிலிருந்து நூல் சுற்றும் உடைந்த பாபின்களையும் மரக்குழல்களையும் மடி நிறைய அள்ளிவந்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஆற்றுமணல் கொஞ்சம் கொட்டச் சொன்னாள். தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கொட்டாங்குச்சிகளை மிதக்கவிட்டாள். மூக்கொழுக நின்ற பிள்ளைகள் முதலில் வெறுமனே பார்த்தன. அப்புறம் ஒன்று கையை விட்டது. சின்னண்ணன் என்றொரு குட்டிப் பயல், ஒன்றரை வயசாகியும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராதவன், தண்ணீரை எட்டுவதற்காகத் தவழ்ந்தான். ஒருத்தி குழலை வாயில் வைத்து ஊதினாள், சத்தம் வந்ததும் திடுக்கிட்டு அதையே திரும்பத் திரும்ப ஊதினாள். பெரிய கொட்டாங்குச்சித் தண்ணீர் சின்னதில் ஏன் வழிகிறது என்று ஒரு பயல் ஒரு காலை முழுக்கச் சண்டை போட்டான். மற்றொருநாள் சின்னதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சட்டியைத் தேடிப்போனான்.

அதையெல்லாம் பார்க்கும்போது ஆராயிக்குச் சிரிப்பு வராது. செல்லியும் இப்படித்தானே கையை விட்டிருப்பாள் என்றுதான் நினைப்பு ஓடும்.

புரட்டாசி பிறந்ததும் மூணு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காலையில் பாலர் வகுப்பு நடத்த மில்லில் ஏற்பாடு செய்தார்கள். டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி, கையில் மரக்கட்டைகளும் சாயமணிகளும் நிறைந்த பெட்டி. கொட்டகையின் ஒரு மூலையில் பாய் விரித்தார்கள். கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது, மணிகளை நிறம் பார்த்துக் கோப்பது, கடை வைத்து விளையாடுவது. பொன்னாத்தாளுக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துச் சொல்லித்தராமல் விளையாடுவதற்கு ஒரு டீச்சரா என்று முணுமுணுத்தாள்.

ஒருநாள் பாப்பாயி பாயின் ஓரத்தில் ஒரு மரக்கட்டையைப் படுக்கவைத்து அதே விளையாட்டைத் தொடங்கினாள். டீச்சரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாத்தாள் வெளியே வெற்றிலை துப்பப் போயிருந்தாள்.

"அதைப் பிடுங்கட்டுங்களா?" என்று ஆராயி மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம் ஆராயி. குழந்தைகள் பார்த்ததைத்தான் விளையாடும். அதுக்குப் புரியாத ஒண்ணை விளையாடி விளையாடித்தான் புரிஞ்சுக்கும். தடுத்தா உள்ளேயே கிடக்கும். அவ அம்மா ஏதோ மருந்து கொடுத்திருப்பாங்க, அதை ஆடுறா."

அன்றைக்கு ஆராயிக்கு வழி தெரிந்துவிட்டது. அந்த விளையாட்டுக்குத் தீனி போடத் தொடங்கினாள். கழிவுத் துணியில் பொம்மை தைத்துக் கொடுத்தாள். பாப்பாயிக்கு ஒரு சுருக்குப்பை தைத்து இடுப்பில் கட்டிவிட்டாள். உருட்டுவதற்குக் களிமண் பிசைந்து கொடுத்தாள். எதையும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரத் தேவையும் இருக்கவில்லை. பொன்னாத்தாள் இல்லாத நேரமாகப் பார்த்து, "பாப்பாயி, உன்ற வெளையாட்டு எங்க?" என்று கேட்டால் போதும். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. ஒருத்தன் மேஸ்திரியாகி மீசையை முறுக்கினான். நாலைந்து பேர் படுத்துக் கண்ணை மூடினார்கள். நாளுக்கு நாள் விளையாட்டு அச்சு அசலாக ஆயிற்று.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் இயந்திரங்களை நிறுத்திப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்தார்கள். அன்றைக்கு வேலைக்காரர்கள் குடும்பத்தோடு வரலாம். முதலாளி ஊட்டு அம்மாவும் மில் டாக்டரும் பாலர் வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தாய்மார்கள் எல்லாரும் கொட்டகையில் கூடுவார்கள்.

ஆராயி காலையிலேயே புளிப்பானையை நகர்த்தினாள். பொன்னாத்தாள் பையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தலை முழுகப் போயிருந்தபோது ஆணியிலிருந்த சிமிழில் உண்மையான அபினைத் திரும்ப நிரப்பினாள். பண்டிகை நாள், யாருக்கும் மருந்து கொடுக்கமாட்டாள் என்பது அவள் கணக்கு. கணக்குத் தப்பப் பார்த்தது. விருந்தாளிகள் வாசலில் இறங்கும் நேரத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பொன்னாத்தாள் கை சுருக்குப்பைக்குப் போயிற்று. ஆராயி பாய்ந்து போய்க் குழந்தையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கொண்டாங்க, நான் பாத்துக்கறேன். அவிங்க வந்துட்டாங்க, நீங்க முன்னால போங்க."

அந்தக் குழந்தை விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க அவளுக்கு நேரமில்லை. நினைக்கவும் விரும்பவில்லை.

பிள்ளைகள் கட்டை அடுக்கிக் காட்டின. கடை வைத்துப் பொரி விற்றன. முதலாளி ஊட்டு அம்மா ஒரு கைப்பிடி வாங்கினார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரம்மா பூரிப்போடு, "இனி உங்களுக்குப் பிடிச்சதை விளையாடுங்க" என்றார்.

பாப்பாயி எழுந்துபோய்த் தன் சுருக்குப்பையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். கொட்டகை நடுவில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்தன. அவள் பெருத்த உடம்புக்காரிபோல அசைந்து அசைந்து நடந்து, மூக்கில் பொடி போட்டாள். அம்மாமார்கள் யாரென்று கண்டுகொண்டு கைதட்டிச் சிரித்தார்கள். பொன்னாத்தாளும்கூடச் சிரித்தாள். பாப்பாயி குனிந்து ஒரு வாய் விடாமல் உருண்டை வைத்தாள்.

"வாயத் தொறங்க சாமி. முழுங்குங்க. அவ்வளவுதான்."

பொன்னாத்தாளின் சிரிப்பு நின்றது.

"அழுவாதீங்க. இன்னொண்ணு தாரேன். ஒங்காத்தாகிட்டச் சொல்லப்படாது."

டாக்டர் முன்னால் வந்து குழந்தைக்கு எதிரே குனிந்தார். "என்ன மருந்து பாப்பா இது?"

"அழாத மருந்துங்க."

"யார் கொடுப்பாங்க?"

பாப்பாயிக்குக் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். நேரே பொன்னாத்தாளிடம் நடந்துபோய், அவள் இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுக் காட்டினாள். "இதுலிருந்துங்க."

பொன்னாத்தாள் பையைப் பொத்திக்கொண்டாள். பொத்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். டாக்டர் வாங்கிச் சிமிழைத் திறந்து முகர்ந்தார். அவர் வாயிலிருந்து அபின் என்ற சொல் வந்ததும், பாப்பாயியின் அம்மா பழனியம்மாள்தான் முதலில் பாய்ந்தாள். அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள், சேலையைக் கிழித்தார்கள். நேற்றுவரை கும்பிட்ட கைகள். குமாரசாமி மேஸ்திரி கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு மெல்ல வெளியேறினான்.

ஆராயி அடிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"செல்லிக்கு எத்தனை குடுத்த?"

பொன்னாத்தாள் உதட்டில் ரத்தம் வழிந்தது. "அன்னிக்கு நெம்ப அழுதா சாமி. ரெண்டு குடுத்தேன். கெடுதல்னு நெனைக்கலை. என்ற மகளையும் அதைக் குடுத்துத்தான் வளர்த்தேன். அவ நல்லாத்தான் இருக்கறா."

"நீ தெரியாம செஞ்சதாவே இருக்கட்டும்" என்றாள் ஆராயி. "ஒங்காத்தாகிட்டச் சொல்லப்படாதுன்னு எதுக்குச் சொன்ன?"

பொன்னாத்தாள் கிழிந்த முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆராயி எழுந்து தன் கையிலிருந்த கைக்குழந்தையை அதன் தாயிடம் கொடுத்தாள்.

அபின் வைத்திருந்த குற்றத்துக்குப் பொன்னாத்தாளுக்குக் கொஞ்சகாலம் ஜெயில் கிடைத்தது. செல்லியைப் பற்றிக் கோர்ட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைத்தியர் மாந்தம் என்றால் மாந்தம்தான். குமாரசாமி மேஸ்திரியாகவே இருந்தான். கொட்டகை ஆயா வேலை ஆராயிக்குக் கிடைத்தது. சின்னான் அவளைப் பார்த்து, "இப்ப ஆறிடுச்சா?" என்று கேட்டான். "இல்லை" என்றாள்.

அதற்குள் வேறொன்று நடந்தது. பொன்னாத்தாள் போய்விட்டாள், பொன்னாத்தா விளையாட்டு போகவில்லை. இப்போது எல்லாரும் பொன்னாத்தாளாக இருக்கவே சண்டை போட்டார்கள். படுக்க மறுக்கிற பிள்ளையைப் பிடித்து அழுத்தினார்கள். ஒருநாள் களிமண் காய்ந்துபோயிருந்தது. ஒரு பயல் வேலியோரத்திலிருந்து ஆமணக்கு முத்தைப் பொறுக்கிவந்து, தவழக் கற்ற அந்தச் சின்னண்ணன் வாயில் போட்டு, கடிக்கும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் சின்னண்ணன் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டான். ஆராயி அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். பிழைப்பானா என்று தெரிவதற்கே சில நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவைவிட்டு நகரவில்லை. அந்த விளையாட்டைத் தீனி போட்டு வளர்த்தவள் தான்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை.

சின்னண்ணன் பிழைத்து வந்ததும் அவள் பொம்மைகளையும் சுருக்குப்பையையும் எடுத்து ஒளித்தாள். பிள்ளைகள் தூளித்துணியைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் ஆடின. அதட்டினாள். இன்னும் தூரமாகப் போய் ஆடின. தடுத்தால் உள்ளேயே கிடக்கும் என்று டீச்சரம்மா சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அவரிடமே போய், நடந்த எல்லாவற்றையும், தான் தீனி போட்டது உட்பட, சொன்னாள். டீச்சரம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வெளியே நின்னு நிறுத்த முடியாது. விளையாட்டுக்கு உள்ளே போய்ப் பார்" என்றார்.

மறுநாள் பாப்பாயி பொன்னாத்தாளாக வந்தபோது, வரிசையில் ஆராயி போய்ப் படுத்துக்கொண்டாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"வாயத் தொறங்க சாமி."

"மாட்டேன்."

பாப்பாயி திகைத்தாள். அந்த விளையாட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "தொறக்கோணுமுங்க. முழுங்குங்க."

ஆராயி வாயைத் திறந்தாள். உருண்டை உள்ளே போனதும் அதைத் தூவென்று கொட்டகையின் மறுகோடிக்குத் துப்பினாள். எழுந்து உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தினாள். "ஆத்தா, இங்க வந்து பாரு. இந்தப் பொம்பளை எனக்கு என்னமோ குடுக்கறா." அது விளையாட்டுக்குக் கத்தின கத்தல் இல்லை. செல்லி கத்தியிருக்க வேண்டிய கத்தல். ரீலிங்கில் வேலை செய்தவர்கள்கூட எட்டிப்பார்த்தார்கள். அப்புறம் எழுந்து பாப்பாயியைத் துரத்தினாள். பிள்ளைகள் எல்லாம் எழுந்து, துப்பிக்கொண்டும் கத்திக்கொண்டும் பின்னால் ஓடின. பாப்பாயி சிரித்துச் சிரித்து விழுந்தாள். விழுந்தவள் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள்.

கொஞ்ச நாளில் எல்லாருக்கும் துப்புகிற பிள்ளையாக இருக்கத்தான் ஆசை. பொன்னாத்தாளாக ஆள் கிடைக்கவில்லை. தை மாதத்தில் அது வெறும் துரத்திப் பிடிக்கும் விளையாட்டாகிவிட்டது. பேர்கூட மாறிவிட்டது.

ஆராயி மாறவில்லை. ஜெயிலிலிருந்து வந்த பொன்னாத்தாள் லைனுக்கு அடுத்த தெருவில் தம்பி ஊட்டுப் பின்கட்டில் இருந்தாள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அது போதவில்லை ஆராயிக்கு. பிள்ளைகளை வெளியே நடத்திக் கூட்டிப்போவது பாலர் வகுப்பில் வழக்கம். இலை பொறுக்கலாம், எறும்புப் புற்றைப் பார்க்கலாம், வண்டிகளை எண்ணலாம். ஏரிக்குப் போக நேர்வழி இருந்தது. ஆராயி தினமும் சுற்றுவழியாக அந்தத் தெருவில் கூட்டிப்போனாள். குமாரசாமி ஊட்டுப் பின்கட்டு ஜன்னல் வந்ததும் நிற்பாள்.

"இங்க நல்லாச் சத்தம் போடுங்க சாமி. தொண்டை இருக்கற மட்டும்."

பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும். பாபினைத் தட்டும், குழலை ஊதும், காக்கா மாதிரிக் கத்தும், ரயில் மாதிரிக் கூவும். ஜன்னல் சாத்தப்படும் வரைக்கும் ஆராயி பார்த்துக்கொண்டு நிற்பாள். சாத்தின பிறகும் கொஞ்ச நேரம் நிற்பாள். டீச்சரம்மா ஒருமுறை, "ஏன் ஆராயி இந்த வழி?" என்றார். "இந்தப் பக்கம் நெழல் இருக்குதுங்க" என்றாள். அந்தத் தெருவில் ஒரு மரம் கிடையாது. டீச்சரம்மாவுக்கும் அது தெரியும். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

பங்குனி வெயிலில் ஒருநாள் அந்த ஊட்டுக்கு முன்னால் மாட்டுவண்டி நின்றது. தம்மம்பட்டியில் இருக்கும் மகள் ஊட்டுக்குப் பொன்னாத்தாள் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், ரெண்டு மூட்டை. உடம்பு பாதியாகியிருந்தது. ஆராயி பிள்ளைகளோடு அந்த நேரத்துக்கு அங்கே வந்து நின்றாள்.

பொன்னாத்தாள் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "இன்னும் என்ன வேணும் ஆராயி உனக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கு வேணுங்கறதை நீ குடுக்க முடியாது" என்றாள் ஆராயி. "ஒம்மக ஊட்டுல கொழந்தை இருக்குதில்ல, அது அழுதா அழுவ உடு. அவ்வளவுதான்."

வண்டி அசைந்தது. எந்த வண்டி போனாலும் கையாட்டுவது பிள்ளைகள் வழக்கம். இதற்கும் ஆட்டின. பாப்பாயி முன்னால் ஓடிப்போய், "போய்ட்டு வாங்க" என்று கத்தினாள். சின்னண்ணன் ஆராயியின் விரலைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினான். வண்டிக்குள் ஒரு கை பாதி எழுந்து மடியில் விழுந்தது.

ஆராயி பிள்ளைகளைத் தடுக்கவில்லை. தானும் கையாட்டவில்லை. புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு, அவர்களைத் திருப்பி நேர்வழியாக ஏரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே தண்ணீர் வற்றிச் சேறாகியிருந்தது. பிள்ளைகள் முழங்கால்வரை இறங்கி நத்தை தேடின. சங்கு ஊதியும் கரையேற மறுத்துக் கூப்பாடு போட்டன. அவள் கரையில் உட்கார்ந்து, போடட்டும் என்று விட்டுவிட்டாள்.